தட்டைச் சாய்க்காத நாள்

மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாசம் அவளுக்குத் தட்டுப்பட்டது. எண்ணெய் வாசத்துக்கு அடியில், காதோரத்துக் குட்டை மயிர்களில் ஒட்டிக்கொண்டிருந்த புகை. அடுப்புப் புகை இல்லை. குப்பை எரித்த புகையாக இருந்தால் பிளாஸ்டிக் கலந்து தொண்டையைக் கமறும். இது காய்ந்த புல் எரிந்த புகை. கோடை முழுக்கக் கணவரின் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அவளுக்குப் பழகிப்போன வாசம்.

"எங்கடி போயிருந்த?" என்றாள்.

"எங்கயும் போகலையே."

"தலையெல்லாம் புகை நாத்தம்."

"ஸ்கூல்ல ஆயா சருகு கொளுத்தினாங்க. பக்கத்துல நின்னோம்."

பதில் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி வந்து விழுந்தது. ஒரு ஆள், ஒரு இடம், அவ்வளவுதான். பொய்யை நீட்டினால்தான் கிழியும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மகளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதை இப்போதுதான் பார்க்கிறாள். அந்த மாதம் ஊர் எல்லைக்குள் ஒரு கைப்பிடிச் சருகுகூடக் கொளுத்தக் கூடாது என்று தடை. அந்த அறிவிப்பைப் பள்ளிக்கூடச் சுவரில் பசை தடவி ஒட்டியவளே அவள்தான். ஆயா சருகைக் கூட்டிச் சாக்கில் கட்டிவைக்கிறாளே தவிர, கொளுத்துவதில்லை.

ஆனாலும் அவள் ரிப்பனை முடிந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டாள். எல்லோரும் குருவி என்று கூப்பிடுகிற அந்தப் பெண் படிகளில் ஒரு காலால் குதித்து இறங்கிப் போனாள். பொய் என்று தெரிந்தும் விட்டுவிட்டோமே என்ற எண்ணம் சீப்பில் சிக்கிய முடி போல அன்று முழுக்க அவள் கூடவே இருந்தது.

காட்டிலாகாவில் அவளுக்கு வேலை, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது. எந்த மரம் எதற்கு, எந்தப் பறவை எங்கே கூடு கட்டும் என்றெல்லாம் சொல்லுவாள். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். தீயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் முதுகுகள் நிமிரும். அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் தீயக்கா. வகுப்பில் இருக்கும்போது குருவியும் அவளைத் தீயக்கா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா என்று சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்களாம்.

தீயைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒரு தகரத் தட்டு உண்டு. தட்டு நிறையக் களிமண் அப்பி, அதில் தீக்குச்சிகளை மருந்து மேலாக நெருக்கமாக நட்டுவைப்பாள். அதுதான் காடு. முதலில் ஒரு மூலையில் பற்றவைப்பாள். சீறிக்கொண்டு காடு முழுக்க எரிந்துபோகும். அடுத்த முறை நடுவில் ஒரு வரிசையை நடாமல் விடுவாள். தீ அந்த இடைவெளி வரைக்கும் வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் நின்று செத்துப்போகும். பாதிக் காடு பிழைத்துக்கொள்ளும். அந்த இடைவெளிக்குப் பெயர் தீத்தடுப்புக் கோடு என்பாள். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

அதற்குப் பிறகுதான் கடைசிப் பகுதி. தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல்லை வைத்துச் சாய்ப்பாள். காடு இப்போது மலைச்சரிவு. கீழ் ஓரத்தில் பற்றவைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் தீ உச்சிக்குப் போய்விடும். கீழே எரிகிற குச்சி மேலே இருக்கிற குச்சியை முன்கூட்டியே சுட்டு வைத்துவிடும் என்று விளக்குவாள். இதற்கு யாரும் கை தட்டுவதில்லை. வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். அந்த அமைதிக்காகத்தான் இவ்வளவு பாடமும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்குப் பிடித்தது கைதட்டல்தான்.

குருவியின் வகுப்புக்கு ஆசிரியை வேறு யாருமில்லை, அவள் கணவரின் அக்கா. ஊர் வாயை அடைத்தாலும் அந்த அண்ணியின் வாயை அடைக்க முடியாது. சில வாரங்களுக்கு முன் அவள் தட்டோடு வகுப்புக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"வந்துட்டா பாருங்க எங்க வீட்டு மருமக. முதல்ல அந்த வாளியில தண்ணி இருக்கான்னு பாருங்கப்பா. இவ பாட்டுக்கு ஸ்கூலைக் கொளுத்திட்டு சம்பளம் வாங்கிட்டுப் போயிடுவா."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முதல் காடு எரிந்தது. இரண்டாவது காடு பாதியில் நின்றது. கைதட்டல். முன்வரிசையில் பொட்டலம் என்கிற உருண்டைப் பையன் எழுந்து, தட்டில் குச்சியைப் பிடுங்கிவிடலாம், நிஜக் காட்டில் யார் பிடுங்குவது என்று கேட்டான். நல்ல கேள்வி. அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிடுங்க வேண்டாம், எங்கள் ஆட்களே புல்லை ஒரு பட்டையாக முன்கூட்டி எரித்துவிடுவார்கள், பின்னால் தீ வந்தால் அங்கே தின்ன ஒன்றும் இருக்காது என்றாள். எப்படி எரிப்பார்கள் என்று கேட்டார்கள். வாசலில் இருந்த செடியில் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நடித்தே காட்டினாள். விடிந்ததும், பனி ஈரம் காயாதபோது, காற்று அசையாதபோது வைக்க வேண்டும். ஓரத்தை வெளியிலிருந்து, எரிந்த கறுப்பை நோக்கி அடிக்க வேண்டும், வெளிப்பக்கமாக அடித்தால் பொறி பறக்கும். எரிகிற தீயை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. பிள்ளைகள் இருப்புக் கொள்ளாமல் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்கள். அவளும் இன்னொரு தடவை நட்டாள். இன்னொரு தடவையும் நட்டாள். சரிவுக்கென்று வைத்திருந்த குச்சிகளும் அதில் போயின.

"அவ்வளவுதானா?" என்றாள் அண்ணி.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணி. அடுத்த வாரம் வந்து காட்டறேன்."

அடுத்த வாரம் வரவில்லை. வெயில் முந்திக்கொண்டது. பள்ளி நிகழ்ச்சிகளையெல்லாம் நிறுத்திவைத்து, தட்டச்சு செய்கிறவர் முதற்கொண்டு எல்லோரையும் ரேஞ்சர் தீக்காவலுக்கு அனுப்பிவிட்டார். அவளைச் சோதனைச் சாவடியில் உட்காரவைத்தார்கள். வருகிற வண்டிகளை நிறுத்தி, உள்ளே பீடி பிடிக்காதீர்கள் என்று சொல்லுகிற வேலை.

ஏன் அப்படித் திரும்பத் திரும்ப நட்டாள் என்று பிற்பாடு சாவடியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறாள். கணவர் அதே இலாகாவில் தீக்காவலர், நிஜத் தீயோடு மல்லுக்கு நிற்கிறவர், கைகளில் தழும்பு. அவளுடையதை அவர் தீப்பெட்டி வேலை என்பார், அன்பாகத்தான். வீட்டில் அவள் செய்கிற எதற்கும் யாரும் கை தட்டியதில்லை. தட்ட வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தாள். அந்த வகுப்பில் மகள் கண் அகலப் பார்த்துக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். அதை நிறுத்திவிட்டு அமைதிக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

தலை பின்னிய அன்று இரவுச் சாப்பாட்டில் கணவர் ஒரு சேதி சொன்னார். பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் யாரோ புதுசாகத் தீத்தடுப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். வண்டிப்பாதை ஓரத்திலும் ஒன்று இருக்கிறது. இந்த வெயிலில் போடுகிற வேலை இல்லை அது. மற்ற ஷிப்ட் ஆட்கள் கேட்காமல் கொள்ளாமல் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "ஆனா ஒண்ணு, கை தெரிஞ்ச ஆளு. ஒரு பொறி வெளிய போகல," என்றார். ரேஞ்சருக்குச் சொன்னீர்களா என்று அவள் கேட்டாள். எதற்கு, நம் பையன்கள்தானே, மாட்டிவிடுவானேன் என்று கையைக் கழுவிக்கொண்டு போனார். மற்ற ஷிப்ட்காரர்கள் இவர்கள் போட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுக்குப் பட்டது. ஒரு காரியம் அரைகுறையாக இருந்தால்தான் யார் செய்தது என்று நாலு பேர் கேட்பார்கள்.

மறுநாள் சாவடிக்குப் போகிற வழியில் சைக்கிளை பம்ப் ஹவுஸ் பக்கம் திருப்பினாள். சமதரை. இடுப்பு உயரப் புல்லுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, அளவு நூல் பிடித்த மாதிரி போயிருந்தது. ஓரம் முழுக்க வெளியிலிருந்து உள்ளே அடித்த தடம். அடித்து முடித்த பச்சைக் கிளைகளை, நுனி கறுப்பைப் பார்த்து இருக்கும்படி வரிசையாக அடுக்கிவைத்திருந்தார்கள். அப்படி அடுக்குவது இலாகா வழக்கம் இல்லை. வகுப்பில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அவள் தானாகச் சேர்த்துக்கொண்டது.

பக்கத்து மரத்தில் கிளை ஒடித்த இடங்களைத் தேடினாள். எல்லாம் அவள் மார்பு உயரத்துக்குக் கீழே இருந்தன. பெரிய ஆள் எவனும் அவ்வளவு குனிந்து ஒடிக்க மாட்டான்.

அந்த இடத்தில் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. நெஞ்சு விம்மியது என்றே சொல்ல வேண்டும். ஒரு சொல் வீணாகவில்லை; அவள் சொன்னதையெல்லாம் கைகளில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கிவைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் சுற்றுமுற்றும் பார்த்தாள். காலடியில் கறுப்பு மொறுமொறுவென்று நொறுங்கியது. சுற்றிலும் புல் காகிதம் மாதிரி சரசரத்தது. எங்கோ ஒரு பறவை கத்தி, பாதியில் நிறுத்திக்கொண்டது. தலையைத் தூக்கியபோது, ஊருக்குப் பின்னால் நிற்கிற குன்று கண்ணில் பட்டது. அதன் சரிவும் இதே புல்தான், இதே மஞ்சள் நிறம்.

கணவரிடம் சொல்லிவிடலாம். அவர் ரேஞ்சரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ரேஞ்சர் முதலில் கேட்கிற கேள்வி, பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதாக இருக்கும். தட்டும் போகும், தீயக்கா என்கிற பெயரும் போகும். அவள் மிச்ச ஆயுளுக்கும் சாவடியில் உட்கார்ந்து பீடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். தானே மகளிடம் பேசிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தாள். நிதானமாக யோசித்து எடுத்த முடிவு மாதிரியே அது அப்போது இருந்தது.

அன்று மாலை குருவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொல்வது போல, பம்ப் ஹவுஸ் பக்கம் யாரோ கோடு போட்டிருக்கிறார்களாம் என்று ஆரம்பித்தாள்.

குருவி தலையைத் தூக்கவில்லை. மெல்லுவது மட்டும் நின்றது.

"நல்லா இருக்காம்மா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. பிடித்துக்கொண்டு உலுக்கியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தாலும் தப்பில்லை. ஆனால் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்த அந்த வகிடு, பதிலுக்காக அப்படியே உறைந்திருந்தது. மார்க் போடச் சொல்லி நீட்டிய கை மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

சொன்ன பிறகுதான் மற்றதைச் சேர்த்தாள். அதெல்லாம் கோடைக்கு முன்னாடி போடுகிறது, பெரியவர்கள் செய்கிற வேலை, இந்த வெயிலில் யாரும் தீக்குச்சியைத் தொடக் கூடாது, புரிந்ததா என்றெல்லாம். குருவி ம் என்றாள். குரலில் கனம் இல்லை என்பது அவளுக்கே கேட்டது. மகள் முதல் வார்த்தையோடு காதை மூடிக்கொண்டாள் என்பதும் தெரிந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குப் பின்னால் அவள் சிரித்ததைப் பார்த்தாள்.

நாளைக்கே அண்ணியின் வகுப்புக்குத் தட்டை எடுத்துப் போய்ச் சாய்த்துக் காட்டிவிட வேண்டும். பார்த்தார்கள் என்றால் பயந்துவிடுவார்கள், அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். அதை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில் அவள் எழுந்தபோது குருவி பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு, வகுப்பைக் கூட்டுகிற முறை என்று அப்பாவிடம் சொன்னாளாம். கணவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இன்றைக்குப் பகலில் காற்று ஏறும் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது, எல்லோரும் தெற்குக் காட்டுக்குப் போகிறோம் என்றார்.

சாவடிக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, தட்டையும் செங்கல்லையும் சைக்கிள் கேரியரில் கட்டினாள். தீப்பெட்டிக் கட்டைப் பையில் போடும்போது அது கைக்குத் தக்கையாக இருந்தது. பிரித்துப் பார்த்தாள். கட்டின் நடுவிலிருந்து பெட்டிகளை உருவிவிட்டு, வெளிச்சுற்று குலையாமல் மறுபடி காகிதம் சுற்றியிருந்தது.

தட்டும் செங்கல்லுமாக வகுப்புக்குள் நுழைந்ததும் அண்ணி இவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "நீ இங்க என்ன பண்ற? பிள்ளைங்களை அங்க வரச் சொல்லிட்டு?"

அவள் வகுப்பைப் பார்த்தாள். பெஞ்சுகளில் இடைவெளி இருந்தது. குருவியின் இடம், பொட்டலத்தின் இடம், இன்னும் சில.

"உன் ஆபீஸ்ல ஏதோ புரோகிராம், நீ கூப்பிட்டேன்னு உன் பொண்ணுதான் வந்து சொன்னா. அம்மா பேர்ல எவளாவது பொய் சொல்லுவாளா? அனுப்பிட்டேன்." அண்ணி இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசியதால், கடைசி வார்த்தைகள் தேய்ந்து வந்தன.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தது. மூக்குறிஞ்சி என்று எல்லோரும் கேலி செய்கிற பெண். அவள் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே போனார்கள் என்று மட்டும் கேட்டாள். நான் சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றது. சரி, எங்கே என்று சொல்ல வேண்டாம், என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல் என்றாள். குழந்தைக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும்.

"ஊரைச் சுத்திக் கோடு முடிச்சாச்சு. குன்று பக்கம் மட்டும்தான் பாக்கி. கீழ பத்தவெச்சுட்டு, எல்லாரும் மேல ஏறி நின்னு பாத்துக்குவாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது. "மேல நின்னாதான் எல்லாப் பக்கமும் தெரியுமாம். குருவிதான் சொல்லிச்சு."

எழுந்தபோது அவள் கால் செங்கல்லில் இடித்தது. வலி வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது. உங்க தம்பிக்குப் போன் போடுங்க அண்ணி, குன்று பக்கம் வண்டி அனுப்பச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சைக்கிளில் ஏறினாள். அண்ணி, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தெருவில் எல்லாம் வழக்கம் போல இருந்தது. ஒரு தையல்காரர் கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னம்மா ஓட்டம், எங்கே தீப்பிடித்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மூலை திரும்பினால் குடியிருப்பு, அதற்குப் பின்னால் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் குன்று. கொடிகளில் துணி ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இன்னும் வரவில்லை. மிதிக்க மிதிக்க அதையே சொல்லிக்கொண்டாள்: இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை.

வேலியை அடைந்தபோது பற்றவைத்தாகிவிட்டது.

சரிவின் அடிவாரத்தில், நீளமாக, கணுக்கால் உயரத்தில் தீ பணிவாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கறுப்புப் பட்டை அகலமாகிக்கொண்டு வந்தது. மேலே, தீயிலிருந்து ஒரு பேருந்து நீளம் தள்ளி, பிள்ளைகள் பச்சைக் கிளைகளோடு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கும் மேலே ஒரு பாறையில் குருவி. வேலியோரம் வந்து நின்றவளைப் பார்த்ததும் எல்லோரும் கிளைகளை ஆட்டினார்கள்.

"தீயக்கா!" என்று குருவி கூப்பிட்டாள். பிடிபட்டோமே என்று இல்லை. பார்க்க வந்துவிட்டாயே என்று கூப்பிட்டாள்.

அவள் வேலிக் கம்பிகளுக்கு இடையில் நுழைந்து, கறுப்பின் மேல் ஓடிப்போய்த் தீயின் ஓரத்தில் நின்று, கீழே வாருங்கள் என்று கத்தினாள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். இப்போதே இந்தப் பக்கம் வாருங்கள், ஓடி வாருங்கள்.

யாரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொட்டலம்தான் பதில் சொன்னான், பரீட்சையில் விடை தெரிந்த பையனின் குரலில்: "தீயைத் தாண்டக் கூடாது!"

சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் சொல்லிக்கொடுத்ததில் அதைத்தான் அதிக முறை திருப்பிச் சொல்லவைத்திருந்தாள். எரிந்து முடிந்த கறுப்புத்தான் உலகத்திலேயே பத்திரமான இடம் என்பதை, சரிவுப் பாடத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இவர்களுக்கு அது தெரியாது. மேலே பார்த்தாள். பாறைக்கு அப்பால் உச்சி வரைக்கும் புல், வழுக்கும் சரளை. எந்தப் பிள்ளையின் காலும் அவ்வளவு வேகமாக ஏறாது.

அவள் தாண்டினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர்கள் கண் முன்னாலேயே தாண்டினாள். ஒரு சுடுமூச்சு முழங்காலில் பட்டுப் போனது. முதலில் கைக்கு அகப்பட்டவன் பொட்டலம். அவன் கிளையை விடாமல் திமிறினான். கக்கத்தில் இடுக்கித் தூக்கிவந்து தீக்கு இந்தப் பக்கம் கறுப்பில் போட்டாள். திரும்பிப் போய் அடுத்ததைத் தூக்கினாள். இரண்டு பிள்ளைகள் தீக்கு இப்பால் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் மற்றவர்கள் தாங்களாகவே கையை நீட்டினார்கள். ஒருத்தி செருப்பை அங்கேயே விட்டாள். தீ இப்போது முழங்காலைத் தொட ஆரம்பித்திருந்தது. அடிவாரத்துத் துணிக்கொடியில் ஒரு போர்வை மெல்ல வயிற்றை உப்பிக்கொண்டு எழுந்ததை அவள் பார்த்தாள்.

குருவி பாறையை விட்டு இறங்கவில்லை. முகம் சிவந்து, உதடு துடித்தது. தன் படையைத் தன் அம்மாவே கலைக்கிறாள் என்கிற கோபம் அதில் இருந்தது. வேலை முடியவில்லை என்றாள். ஓரம் யார் அடிப்பது, விட்டுவிட்டு வந்தால் ஊர்ப் பக்கம் போய்விடும், நீதானே சொன்னாய் என்றாள்.

அவளுக்கு விளக்க நேரம் இல்லை. காற்று முதுகில் கை வைத்துவிட்டது.

"தீயக்கா சொன்னதை விடு," என்றாள். "அம்மா சொல்றேன். ஓடி வாடி."

குருவி ஒரு கணம் நின்றாள். பிறகு கிளையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நடை பழகுகிற குழந்தை மாதிரி சரிவில் இறங்கி ஓடிவந்தாள். அவளை வாரி முகத்தைத் தன் கழுத்துக்குள் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடித் தாண்டினாள். புருவம் பொசுங்குகிற சத்தம் உள்ளே கேட்டது. கறுப்பில் விழுந்தார்கள். முழங்கை வெந்தது.

அவர்கள் எழுந்து திரும்புவதற்குள் தீ நிமிர்ந்துவிட்டது. அதுவரை தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது எழுந்து நின்று, சரிவின் மேல் முன்னால் சாய்ந்தது. சாய்ந்த இடமெல்லாம் தொடுவதற்கு முன்னாலேயே பற்றியது. ஒரு லாரி மேடு ஏறுகிற சத்தம். பிள்ளைகள் நின்ற இடம், கழற்றிவிட்ட செருப்பு, குருவி நின்ற பாறை எல்லாம் உள்ளே போயின. உச்சிக்கு ஏறும்வரை யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, சாம்பலில் மிதித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் கால்சட்டையை நனைத்துவிட்டிருந்தான். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அவள் ஒவ்வொரு தலையாகத் தொட்டாள். எல்லோரும் இருந்தார்கள். இன்னொரு தடவை தொட்டாள். இருந்தார்கள்.

குருவி அவளிடமிருந்து விலகி நின்று குன்றையே பார்த்தாள். முகத்தில் அழுகை இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிற முகம்.

"இப்படி ஏறும்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று சொல்லலாம். ஒரே சொல், நீட்ட வேண்டாம்.

"தெரியும்."

மகள் அதை வாங்கிக்கொண்டாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று அவள் காத்திருந்தாள். அதற்கான பதிலை நாட்கணக்காக உள்ளுக்குள் தேய்த்து வைத்திருந்தாள். குருவி அதைக் கேட்கவில்லை. உச்சியில் தீ ஒரு நொடி நின்று, இருபுறமும் பார்ப்பது போல ஆடி, அந்தப் பக்கம் இறங்கியது. புகை மட்டும் மேலே நின்றது.

"அந்தப் பக்க ஸ்கூல்லயும் இதைச் சொல்லலையா?"

குன்றுக்கு அப்பாலும் அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே அவள் போனது இங்கே வந்ததற்கு மறுநாள். சரிவுக்கென்று குச்சி வாங்க நேரம் கிடைக்கவில்லை. அங்கும் கை தட்டினார்கள். அங்கும் அடுத்த வாரம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள்.

வேலி ஓரம் அண்ணி மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். தம்பி வண்டியோடு கிளம்பிவிட்டான் என்று தூரத்திலிருந்தே சொன்னாள். அவள் ஓடிப்போய் அண்ணியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அந்தப் பள்ளிக்கூடத்து நம்பர் அதில் இருக்கும், ஆசிரியைகள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். இறங்கும்போது தீ மெதுவாகத்தான் இறங்கும். நேரம் இருக்கிறது. யாரும் கீழேயிருந்து எதிரே பற்றவைத்துவிட்டு நடுவில் போய் நிற்காமல் இருந்தால் நேரம் இருக்கிறது.

எடுத்தது அங்கே எழுத்தராக இருக்கிற ஒருவர். அவள் யார் என்று சொன்னதும் குரலில் மரியாதை வந்தது. புகையை நாங்களும் பார்த்துவிட்டோம் என்றார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டாள்.

"உங்க சிஷ்யப் பிள்ளைங்களா? அதுங்க எங்க அடங்குது," என்று சிரித்தார். "மணி அடிச்சும் கிளாசுக்குப் போகல. பின்பக்கம் கிளை ஒடிச்சிட்டு இருந்தாங்க. எல்லாம் தீயக்கா சொல்லிக்குடுத்த வேலையாம்."

நிறுத்துங்கள், ஒருத்தரையும் மேலே விடாதீர்கள், தீப்பெட்டியைப் பிடுங்குங்கள் என்றாள். மூச்சு விடாமல் சொன்னதையே சொன்னாள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. இருங்கம்மா, பார்க்கிறேன் என்றார். ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் ஒரு நீண்ட தாழ்வாரத்தில் போய்த் தேய்ந்தது.

பிறகு அந்த அறையின் காற்றாடி மட்டும் கேட்டது. குருவி பக்கத்தில் வந்து, எட்டி, போனின் மறுபக்கம் தன் காதை வைத்துக்கொண்டாள். மகளின் மூச்சு கன்னத்தில் பட்டது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.